ரேஸ் வேகத்தில் குட்டி குட்டி செட்: நீச்சல் போட்டியாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை ஒரு நிமிடச் சொச்சத்தில் முடிக்கப் பார்க்கும் ஒரு பையனின் மாலைப் பயிற்சியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரம், ஐந்து கிலோமீட்டர், நடுவில் கிக் போர்டு, பேடில், புல் பாய் என்ற பயிற்சி உபகரணங்கள் எல்லாம் உண்டு. அதில் போட்டியில் நீந்த வேண்டிய வேகத்தில் நீந்திய தூரத்தை மட்டும் தனியாக எடுத்தால், பல நாட்களில் 200 மீட்டர்கூடத் தேறாது. மீதி தூரம் முழுக்க அவன் மெதுவாக நீந்தத்தான் பழகியிருக்கிறான்.

இந்தக் கணக்கைத் தலைகீழாக்குவதுதான் அல்ட்ரா ஷார்ட் ரேஸ் பேஸ் டிரெய்னிங். சுருக்கமாக யு.எஸ்.ஆர்.பி.டி. என்பார்கள். அமெரிக்காவின் சான் டியாகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிரென்ட் ரஷால் இதற்கு வடிவம் கொடுத்தார். போட்டித் தூரத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் போட்டி வேகத்திலேயே நீந்த வேண்டும். இடையில் 15 முதல் 20 வினாடி ஓய்வு. வேகம் தவறினால் ஒன்றை விட்டுவிட்டுத் தொடர வேண்டும், தொடர்ந்து தவறினால் செட்டை, அதாவது அந்தத் தொடர் முழுவதையும், நிறுத்திவிட வேண்டும். அவ்வளவுதான்.

கேட்க எளிது. ஆனால் இதை எடுத்துக்கொண்ட பலர் "சின்ன தூரம், கொஞ்ச ஓய்வு" என்ற பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, "தவறினால் நிறுத்து" என்ற பாதியைக் கழற்றி விட்டுவிடுகிறார்கள். அப்புறம் அது 25 மீட்டரை முப்பது தடவை எப்படியாவது முடிக்கும் பழைய செட்தான். இந்த முறையின் உயிர் நிறுத்தும் விதியில் இருக்கிறது. கீழே சொல்வதில் வேறு எதை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டாலும் அதை மட்டும் மாற்றாதீர்கள்.

இது ஏன் வேலை செய்கிறது

1960-ல் ஸ்வீடன் உடலியலாளர்கள், ஆஸ்ட்ராண்டும் அவருடைய சகாக்களும், ஒரு சோதனை செய்தார்கள். ஒருவரைக் கடினமான சுமையில் விடாமல் சைக்கிள் மிதிக்க வைத்தபோது சுமார் 9 நிமிடத்தில் ஓய்ந்து போனார். அதே சுமை, அதே ஆள். இப்போது 3 நிமிடம் மிதி, 3 நிமிடம் ஓய்வு என்று ஒரு மணி நேரம் ஓட்டியபோது கடைசியில் தாங்க முடியாத களைப்பு. 30 வினாடி மிதி, 30 வினாடி ஓய்வு என்று மாற்றியபோது அந்த ஒரு மணி நேரத்தையும் பெரிய சிரமமில்லாமல் கடந்தார். கடும் உழைப்பில் சேரும் லாக்டேட்டும் ரத்தத்தில் குறைவாகவே இருந்தது. செய்த வேலை மொத்தத்தில் ஒன்றுதான், அதை வெட்டிய விதம் மட்டுமே வேறு.

தசைக்குள் உடனடியாகக் கைகொடுக்கும் சேமிப்பு கொஞ்சம் உண்டு: ஏ.டி.பி., கிரியேட்டின் பாஸ்பேட், மயோகுளோபினில் பிடித்து வைத்திருக்கும் ஆக்சிஜன். 15, 16 வினாடி நீச்சலில் இந்தச் சேமிப்பு பெரும்பங்கு கொடுக்கிறது. அது வற்றுவதற்குள் சுவரைத் தொட்டுவிடுகிறோம், அடுத்த 15 வினாடி ஓய்வில் அதில் ஒரு பகுதி திரும்ப நிரம்புகிறது. அதனால் லாக்டேட் தலைக்கு மேல் ஏறி கை கால் கட்டையாகும் நிலை தள்ளிப்போகிறது. அதே சமயம் ஓய்வு மிகக் குறைவு என்பதால் இதயமும் நுரையீரலும் செட் முழுக்க ஓயாமல் வேலை செய்கின்றன. இது ஸ்பிரிண்ட் மட்டும்தானே, தம் எங்கே வளரும் என்று கேட்பவர்கள் இருபதாவது 25-ன் முடிவில் பையனின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தால் போதும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஸ்ட்ரோக். மெதுவாக நீந்தும்போது கை நீருக்குள் போகும் கோணம், உடம்பு உருளும் அளவு, உதையின் தாளம் எல்லாமே வேறு. போட்டி வேகத்துக்குத் தேவையான அசைவைப் போட்டி வேகத்தில்தான் உடம்பு கற்றுக்கொள்ளும். பட்டர்ஃபிளையில் இது பளிச்சென்று தெரியும். நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ் 2021-ல் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1:56.38-ல் நீந்தி, ஒலிம்பிக்கின் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். நான்கு ஐம்பதுக்கும் சராசரி 29.1 வினாடி. அவர் எப்படிப் பயிற்சி எடுத்தார் என்பது வேறு விஷயம். அந்த வேகத்துப் பட்டர்ஃபிளை எப்படி இருக்கும் என்று ஒரு பிள்ளைக்குப் புரிய வேண்டுமானால், 400 மீட்டர் பட்டர்ஃபிளையை இழுத்து இழுத்து முடிப்பதால் புரியாது. அதில் கடைசி 300 மீட்டர் பெரும்பாலும் பட்டர்ஃபிளையே இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இது டபாட்டா அல்ல. 1996-ல் வெளிவந்த டபாட்டா ஆய்வில் 20 வினாடி மிகக் கடுமையான வேலை, 10 வினாடி ஓய்வு என்று சோர்ந்து விழும் வரை போனார்கள். இங்கே யாரும் உயிரைக் கொடுத்து நீந்துவதில்லை. இலக்கு 16.0 என்றால் 15.2-ல் நீந்துவதும் தப்புதான்.

முதல் படி: யாருக்கு, எப்போது

நான்கு ஸ்ட்ரோக்கும் ஓரளவு திருந்திய, போட்டிகளில் நேரம் பதிவான நீச்சல்காரர்களுக்கு இது பொருந்தும். பத்து வயதுப் பிள்ளைக்கு இலக்கு நேரத்தைக் கையில் கொடுத்து விரட்ட வேண்டாம். அந்த வயதில் ஸ்ட்ரோக் கற்றுக்கொள்வதும் தண்ணீரில் சந்தோஷமாக இருப்பதும் போதும். விரும்பினால் எட்டு, பத்து 25-களை விளையாட்டாகக் கொடுத்துப் பழக்கலாம். தோள்வலி இருப்பவர்கள் முதலில் அதைக் கவனிக்க வேண்டும், வேகமாக இழுக்கும்போது அது கூடத்தான் செய்யும். பல வருடம் கழித்து, பெரியவர்களுக்கான மாஸ்டர்ஸ் போட்டிக்காகத் திரும்ப வருபவர்கள் டாக்டரிடம் இதயத்தை ஒருமுறை காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

இரண்டாம் படி: இலக்கு நேரம் கணக்கிடுவது

இதில் அவசரப்படாதீர்கள். முழு முறையும் இந்த ஒரு எண்ணின் மேல்தான் நிற்கிறது.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். பதினைந்து வயதுப் பையன், 50 மீட்டர் குளத்தில் 100 ஃப்ரீஸ்டைல் சிறந்த நேரம் 1:04. இந்த சீசனில் 1:02.0 வேண்டும். 62-ஐ நான்கால் வகுத்து 15.5 என்று எழுதிக்கொள்ளலாமா? கூடாது. முதல் 25-ல் டைவ் இருக்கிறது. பயிற்சியில் ஒவ்வொரு முறையும் சுவரிலிருந்து தள்ளித்தான் கிளம்புகிறோம். அதனால் டைவ் கலந்த முதல் பாதியை ஒதுக்கிவிட்டு இரண்டாவது 50-ஐ எடுக்க வேண்டும். 1:02.0-க்கு நியாயமான பிரிவு, அதாவது ஒவ்வொரு 50-க்கும் ஆகும் நேரம், 29.8, 32.2. இரண்டாவது 50-ன் பாதி 16.1. பயிற்சியில் ஒவ்வொரு 25-க்கும் சுவர்த் தள்ளல் கிடைப்பதால் கொஞ்சம் குறைத்து 16.0 என்று வைக்கலாம். முதல் இரண்டு மூன்று செட்டிலேயே இது சரியா தப்பா என்று தெரிந்துவிடும்.

200 மீட்டருக்கு ஒரு நுணுக்கம் உண்டு. இலக்கு 2:16.0 என்றால் பிரிவுகள் தோராயமாக 31.6, 34.6, 35.2, 34.6. நடுவில் உள்ள 50-கள் கால் சுவரைத் தொடும் நேரம் வரை அளக்கப்பட்டவை, அதில் ஃப்ளிப் டர்ன் அடங்கியிருக்கிறது. பயிற்சியில் நாம் கையால் தொட்டு முடிக்கிறோம். கை தொடுவதற்கும், புரண்டு கால் படுவதற்கும் நடுவில் அரை வினாடிக்கும் மேல் போய்விடும். ஆகவே 35.2 என்ற பிரிவு பயிற்சியில் 34.6 ஆகிறது. கடைசி 50 கையில்தான் முடிகிறது, அதுவும் 34.6. எனவே இலக்கு 34.6. இந்தக் கழிவைச் செய்யாமல் விட்டால் பையன் பயிற்சியில் சுலபமாக இலக்கை அடிப்பான், போட்டியில் ஒவ்வொரு டர்னிலும் கடன் விழும். குளத்தங்கரையில் "பயிற்சியில நல்லாதானே பண்ணான்" என்று சொல்லும் பேச்சில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

இலக்கு ஆசைக்கு வைப்பது அல்ல. இப்போதைய சிறந்த நேரத்தைவிட இரண்டு, மூன்று சதவீதம் குறைவு என்பது ஆரம்பத்துக்குப் போதும். 1:04 நீந்துபவனுக்கு 58 இலக்கு வைத்தால் நான்காவது ரெப்பிலேயே (ரெப் என்றால் ஒருமுறை நீந்தும் துண்டு) செட் முடிந்துவிடும், அவனும் மனசு விட்டுப்போவான்.

மூன்றாம் படி: தூரம், ஓய்வு, எண்ணிக்கை

100 மீட்டர் போட்டிக்கு 25 மீட்டர் துண்டுகள். மேலே சொன்ன பையனுக்கு 30 வினாடிக்கு ஒன்று, அதாவது 16 வினாடி நீச்சல், 14 வினாடி ஓய்வு. எண்ணிக்கை 30 வரை.

200-க்கு 25-ம் ஆகும், 50-ம் ஆகும். 34.6 இலக்கு வைத்தவன் 55 வினாடிக்கு ஒரு 50 கிளம்பினால் ஓய்வு 20 வினாடி கிடைக்கும். 20 முதல் 30 வரை.

400-க்கு 50 அல்லது 75. இலக்கு 4:48 என்றால் சராசரி 50-க்கு 36, கைத்தொடுதல் கழிவு போக 35.5 பக்கம் வரும். 1500-க்கு 75 அல்லது 100. ஓய்வு இங்கேயும் 20 வினாடிதான். தூரம் கூடுகிறது என்று ஓய்வைக் கூட்டக் கூடாது.

50 மீட்டர் ஸ்பிரிண்ட் கதையே தனி. 12.5 அல்லது 15 மீட்டர் துண்டுகள், மிஞ்சினால் 25. ஆனால் முழு வேக ஸ்பிரிண்டுக்கு 15, 20 வினாடி ஓய்வு போதாது என்பது என் கட்சி. 40, 45 வினாடி வரை கொடுங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள்.

30 என்ற எண் முடிக்க வேண்டிய எண் அல்ல, அதிகபட்ச அளவு. பையன் 30-ஐயும் தவறாமல் முடித்துவிட்டால் செட் நன்றாகப் போனது என்று மகிழ வேண்டாம். இலக்கு இளகிவிட்டது என்று அர்த்தம்.

நான்காம் படி: தவறும் விதி

இலக்கு தவறினால் அடுத்த ஒன்றை நீந்தாமல் சுவரோரம் நிற்க வேண்டும். அதற்கடுத்ததில் சேர்ந்துகொள்ளலாம். அப்படிச் சேர்ந்த உடனேயே மறுபடி தவறினால் செட் முடிந்தது. நடுவில் சில வெற்றிகள் இருந்தாலும், மொத்தம் மூன்று முறை தவறினால் முடிந்தது.

மேற்படி பையனின் ஒரு மாலை இப்படி இருக்கும். முதல் நான்கு ரெப் 15.4, 15.3, 15.5, 15.4. புது உற்சாகம். இங்கேயே கோச் அதட்ட வேண்டும், இந்த அரை வினாடிக்குப் பின்னால் வட்டி கட்ட வேண்டிவரும். ஐந்திலிருந்து 15.8, 15.9 என்று சீராகிறது, 25 மீட்டருக்கு 17 ஸ்ட்ரோக். பத்தாவதில் 18. பதின்மூன்றாவதில் நேரம் 15.9 இருந்தாலும் ஸ்ட்ரோக் 19 ஆகிவிட்டது: கை தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்க ஆரம்பித்திருக்கிறது. கடிகாரம் இன்னும் சொல்லாததை ஸ்ட்ரோக் எண்ணிக்கை முன்கூட்டியே சொல்லிவிட்டது. "முழங்கை மேலே" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்கிறார் கோச். பதினான்கும் பதினைந்தும் தப்பித்தன. பதினாறாவது 16.4. தவறு.

பதினேழாவதை விட்டு நிற்கிறான். இப்போது அவனுக்குக் கிடைப்பது சுமார் 44 வினாடி ஓய்வு. பதினெட்டு 15.8. அப்படியே இருபத்திரண்டு வரை ஐந்து ரெப் உள்ளேயே. இருபத்து மூன்றில் 16.3, தவறு. இருபத்து நான்கை விடுகிறான். இருபத்தைந்தில் 16.2. சேர்ந்த உடனே தவறு, அதோடு மொத்தம் மூன்று. செட் முடிந்தது.

நோட்டில் எழுத வேண்டியது: முதல் தவறுக்கு முன் 15, மொத்த வெற்றி 20. அதாவது 500 மீட்டர், போட்டித் தூரத்தைப் போல ஐந்து மடங்கு, அத்தனையும் ரேஸ் வேகத்தில். கால் மணி நேரத்துக்குள் நடந்த வேலை. இரண்டு மணி நேரப் பழைய பயிற்சியில் 200 மீட்டர் தேறாமல் இருந்ததோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நிறுத்துவது ஏன் இவ்வளவு முக்கியம்? தவறிய பிறகும் நீந்திக்கொண்டே போனால் உடம்பு பழகுவது 16.0-ன் ஸ்ட்ரோக் அல்ல, 17.0-ன் ஸ்ட்ரோக். கூடவே, அடுத்த செட்டுக்கும் அடுத்த நாளுக்கும் வேண்டிய சக்தியும் வீணாகிறது. நம் ஊரில் இதை நடைமுறைப்படுத்துவதில் உள்ள பெரிய சிக்கல் தண்ணீரில் இல்லை, கேலரியில் இருக்கிறது. "மாசாமாசம் ஃபீஸ் கட்டறோம், பையன் பாதி நேரம் சும்மா நிக்கிறானே சார்" என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்கட்டும். அவர்களை ஒருநாள் அழைத்து நோட்டைக் காட்டி இந்தக் கணக்கை விளக்கிவிடுங்கள். அதைவிடச் சிக்கல், சில கோச்சுகளுக்கே பிள்ளை நிற்பதைப் பார்த்தால் கை பரபரக்கும். "இன்னும் ரெண்டு அடி, இன்னும் ரெண்டு" என்று கத்துவார்கள். விடாமுயற்சியைச் சோதிக்க வேறு இடம் இருக்கிறது, இந்தச் செட் அதற்கானது இல்லை.

தவறுவதைத் தண்டனையாக்காதீர்கள். இந்த முறையில் தவறுதான் இலக்கு, அங்கே போய்ச் சேரத்தான் இவ்வளவும். தவறாமல் முடிந்த செட்டில் உடம்பு மாறக் காரணம் இல்லை.

ஐந்தாம் படி: நேரம் பார்ப்பது, லேன் ஒழுங்கு

பேஸ் கிளாக் ஒன்று கட்டாயம். சுவரில் மாட்டும் நான்கு முள் கடிகாரமாக இருந்தாலும் சரி, டிஜிட்டல் ஆனாலும் சரி. நீச்சல்காரரே தொட்ட உடன் தலையைத் தூக்கிப் பார்த்துத் தன் நேரத்தைச் சொல்லப் பழக வேண்டும். முதல் வாரம் தடுமாறும், அப்புறம் பழகிவிடும். பத்தில் ஒரு பங்கு வினாடி வரை துல்லியம் வேண்டுமானால் கோச் ஸ்டாப்வாட்ச்சில் ஒவ்வொரு செட்டிலும் ஓரிருவரை மாற்றி மாற்றி அளக்கலாம். எட்டுப் பேரை ஒருவர் அளப்பது நடக்காத காரியம்.

ஒரு லேனில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம், ஐந்து வினாடி இடைவெளியில் கிளம்பலாம். தவறி நிற்பவர் லேன் கயிற்றை ஒட்டி மூலையில் ஒதுங்க வேண்டும், நடுவில் நின்றால் அடுத்தவர் டச் கெட்டுவிடும். ஓய்வு நேரம் ஒத்தவர்களை ஒரே லேனில் போடுங்கள்.

சென்னை வேளச்சேரியில் இருப்பது போன்ற 50 மீட்டர் குளத்தில் 25-களை நீந்துவதுதான் தலைவலி. ஒரு முனையிலிருந்து தள்ளி நடுக்கோடு வரை போய் நின்றால், திரும்பும் 25-க்குத் தள்ளச் சுவர் இல்லை. இரண்டு வழி. நடுவிலிருந்து கிளம்பும் 25-க்குத் தனியாக ஒரு இலக்கு வைத்துக்கொள்வது. அல்லது 50-களாகவே நீந்தி, 100-க்கான இலக்கை அதற்கேற்ப வைத்து, ஓய்வை 25 வினாடி வரை நீட்டுவது. எனக்கு முதலாவதுதான் பிடிக்கும், கொஞ்சம் அலுப்பான வேலை என்றாலும். அபார்ட்மென்ட் குளத்தில் 18 மீட்டர், 20 மீட்டர் என்று வினோத நீளம் இருந்தாலும் பரவாயில்லை. நிதானமாக அளந்து, அந்த நீளத்துக்கு ஒரு இலக்கு கண்டுபிடித்து, அதே குளத்து எண்ணை அதே குளத்து எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

தண்ணீர்ச் சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். போட்டிக் குளத்தின் வெப்பநிலை 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது உலக நீச்சல் விதி. மே மாத மாலையில் நம் திறந்தவெளிக் குளம் 30-ஐத் தாண்டி நிற்கும். அப்போது 25-கள் பெரிதாகப் பாதிக்கப்படாவிட்டாலும் 50, 100 துண்டுகளில் எண்ணிக்கை குறையும். அதைப் பார்த்து இலக்கை மாற்றாதீர்கள், காலைப் பயிற்சிக்கு மாற்றுங்கள். தண்ணீருக்குள் வியர்ப்பது தெரியாது, லேன் முனையில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் இருக்கட்டும்.

ஆறாம் படி: ஒரு நாள், ஒரு வாரம்

ஒரு நாளைக்கு இப்படி வைக்கலாம். 700 மீட்டர் வார்ம்-அப், கடைசி நான்கு 25-ஐக் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டி. பிறகு முதல் செட், 100 வேகத்தில் 25-கள். 300 மீட்டர் நிதான நீச்சல். பத்து, பதினைந்து நிமிடம் டைவ், டர்ன், நீருக்கடியில் டால்ஃபின் உதை. இரண்டாவது செட், 200 வேகத்தில் 50-கள், வேறு ஸ்ட்ரோக்கில் இருந்தால் இன்னும் நல்லது. 300 மீட்டர் கூல்-டவுன். எல்லாம் சேர்த்து மூன்று கிலோமீட்டர் பக்கம், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். பள்ளித் தேர்வு நேரத்தில் இந்தச் சேமிப்பு சின்ன விஷயமல்ல.

ஒரே போட்டியின் செட்டை வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, நடுவில் ஒரு நாள் விட்டு. ஆறு நாள் பயிற்சி என்றால் நான்கு நாள் இது போதும். ஐ.எம். (நான்கு ஸ்ட்ரோக்கும் கலந்த தனிநபர் மெட்லி) நீந்துபவர்கள் நான்கு ஸ்ட்ரோக்கையும் தனித்தனி செட்டாகவும், பட்டர்ஃபிளையிலிருந்து பேக்ஸ்ட்ரோக் மாதிரி மாற்றங்களைச் சேர்த்தும் போட வேண்டும்.

நோட்டில் தேதி, செட், இலக்கு, முதல் தவறுக்கு முன் எத்தனை, மொத்தம் எத்தனை, ஸ்ட்ரோக் எண்ணிக்கை, தூக்கம் எப்படி என்று ஒரு வரி. 100-க்கான செட்டில் முதல் தவறுக்கு முன் 12 ரெப், அதாவது போட்டித் தூரத்தின் மூன்று மடங்கு, வரவில்லை என்றால் இலக்கு கூர்மையாகிவிட்டது, 0.2 தளர்த்துங்கள். தொடர்ந்து மூன்று பயிற்சியில் 24-ஐத் தவறாமல் தாண்டினால் 0.1 அல்லது 0.2 இறுக்குங்கள். 25-க்கு 0.2 என்றால் 100-க்கு முக்கால் வினாடிக்கும் மேல், குறைவாக நினைத்துவிடாதீர்கள். இறுக்கிய அடுத்த செட்டில் எண்ணிக்கை சட்டென்று சரியும், 14, 12 என்று. பயப்பட வேண்டாம், சில வாரங்களில் ஏறும். ஏறாமல் தொடர்ந்து இறங்கினால் உடம்பு சரியில்லை, தூக்கம் இல்லை, அல்லது சாப்பாடு போதவில்லை. அதைத் தேடுங்கள்.

எதிர்ப்புகளும் என் கருத்தும்

இந்த முறையின் விளம்பர முகம் அமெரிக்காவின் மைக்கேல் ஆண்ட்ரூ. அவருடைய தந்தை பீட்டர்தான் கோச்சாக இருந்து அவரை வளர்த்தார். 2013-ல் 14 வயதில் தொழில்முறை வீரரானார், 2016-ல் கனடாவின் வின்ட்சரில் நடந்த உலகக் குறுங்குள (25 மீட்டர் குளம்) போட்டியில் 100 ஐ.எம். தங்கம் வென்றார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x100 மெட்லி ரிலேயில் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் பகுதியை நீந்தி, உலக சாதனையோடு தங்கம் வாங்கிய அணியில் இருந்தார். அதே டோக்கியோவில் 200 ஐ.எம். இறுதிப் போட்டியில் 150 மீட்டர் வரை முன்னால் போனவர், கடைசி ஃப்ரீஸ்டைலில் தளர்ந்து ஐந்தாம் இடத்துக்கு வந்தார். "பார்த்தீர்களா, அடித்தளத் தம் இல்லை" என்று ஒரு கட்சி. "அது வேகத்தைப் பங்கிட்ட விதம், பயிற்சி முறையின் தப்பல்ல" என்று மறு கட்சி. ஒரே ஆளை வைத்து ஒரு முறையைத் தூக்குவதும் தப்பு, சாய்ப்பதும் தப்பு.

ஆனால் அந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது. குட்டி செட் லாக்டேட்டை அடக்கியே வைக்கிறது. போட்டியின் கடைசி 25-லோ அது உச்சத்தில் நிற்கிறது. அந்த எரிச்சலில் ஸ்ட்ரோக்கைப் பிடித்து வைத்திருக்கும் பழக்கம் எங்கேயாவது வர வேண்டும். எனவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துண்டு துண்டான 200 கொடுப்பேன்: டைவிலிருந்து 100, பத்து வினாடி ஓய்வு, 50, பத்து வினாடி, இன்னொரு 50, எல்லாம் இலக்கு வேகத்தில், தவறும் விதி இல்லாமல். மாதம் ஒரு நிஜப் போட்டி கிடைத்தால் அதுவே இந்த வேலையைச் செய்துவிடும்.

ரஷால் கிக் போர்டு, பேடில், டிரில், கரையில் எடைப் பயிற்சி எல்லாவற்றையும் கிட்டத்தட்ட முழுசாக ஒதுக்குகிறார், போட்டியில் இல்லாதது பயிற்சியிலும் வேண்டாம் என்பது அவர் வாதம். அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன். டைவ் பாய்ச்சலுக்கும் சுவர்த் தள்ளலுக்கும் கால் பலம் வேண்டும், தோளைக் காப்பாற்றவும் கரைப் பயிற்சி வேண்டும். பேடிலைத் தூக்கி வைத்துவிடுவதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

திறந்த கடலுக்கு இது போதாது. 1994-ல் சின்ன வயதிலேயே ஆங்கிலக் கால்வாயைக் கடந்த நம் குற்றாலீஸ்வரனைப் போல மணிக்கணக்கில் நீந்த நினைப்பவருக்கு, மணிக்கணக்கில் நீந்தும் பழக்கம்தான் வேண்டும்.

ஏழாம் படி: போட்டி வாரம்

மற்ற முறைகளைப் போல மூன்று வாரம் டேப்பர், அதாவது போட்டிக்கு முன் பயிற்சியைக் குறைப்பது, தேவைப்படாது, ஏனென்றால் அடிபட்டுச் சோர்ந்த உடம்போடு இங்கே யாரும் போட்டிக்கு வருவதில்லை. கடைசி ஒரு வாரம் போதும். இலக்கைத் தொடாதீர்கள், எண்ணிக்கையை மட்டும் குறையுங்கள்: 30 வரை போனவன் 16, பிறகு 12, கடைசி இரண்டு நாள் எட்டு. தவறுவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு நாளும் நான்கைந்து டைவ், 15 மீட்டர் வரை. நீருக்கடியில் தலை 15 மீட்டருக்குள் வெளியே வந்தாக வேண்டும் என்ற விதி ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளைக்கு உண்டு. அதைச் சோதிக்க நல்ல வாரம் இது.

போட்டி முடிந்ததும் முடிவுத் தாளில் மொத்த நேரத்தோடு பிரிவு நேரத்தையும் வாங்கிவிடுங்கள், கிடைக்காவிட்டால் கேலரியிலிருந்து நீங்களே எடுங்கள். நம் பையன் 1:02.6 நீந்தியிருக்கிறான், பிரிவு 29.2, 33.4 என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 16.0-ஐ மாற்ற வேண்டியதில்லை. முதல் 50-ஐ அவன் அரை வினாடிக்கும் மேல் வேகமாகக் கிளம்பிவிட்டான், பயிற்சியில் முதல் நான்கு ரெப்பை 15.4-ல் நீந்தியது போலவே. திங்கட்கிழமைச் செட்டில் 15.8-க்குக் கீழே வரும் ஒவ்வொரு ரெப்பையும் தவறு என்றே எண்ணுங்கள், மூன்று வாரத்துக்கு. பிரிவு 30.2, 32.4 என்று வந்திருந்தால் கதை வேறு: பின்பாதி இலக்கை ஒட்டியே இருக்கிறது, முன்பாதியில் டைவும் முதல் 15 மீட்டரும்தான் நேரத்தைத் தின்கின்றன. அப்போது 25-களைக் குறைத்துக்கொண்டு அந்தப் பதினைந்து நிமிட டைவ் வேலையை அரை மணி நேரமாக்குங்கள்.